தற்போதைய நிலை

"இறந்தவர் வீடு இதுதானே?"

வாசலில் நின்றவன் கையில் ஒரு தாள் இருந்தது. அவனுக்குப் பின்னால் ஒரு தள்ளுவண்டி. கதவைத் திறந்த அப்பாவின் மூக்கில் ரப்பர் குழாய் செருகியிருந்தது. குழாயின் மறுமுனை கட்டிலுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருந்த ஆக்சிஜன் மெஷினில். வாசல் கதவு வரைக்கும்தான் அந்தக் குழாய் எட்டும். கொஞ்ச காலமாக அப்பாவின் உலகமும் அதோடு முடிந்துவிடும்.

"எந்த இறந்தவர்?" என்றார் அப்பா.

வந்தவன் தாளைப் பார்த்து இனிஷியலோடு முழுப் பேரையும் வாசித்தான்.

"அது... நான்தான்."

இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்கித்தான் அப்பாவால் பேச முடியும். அதனால் அவர் சொல்வதெல்லாம் யோசித்துச் சொல்வதுபோல இருக்கும். வந்தவன் தாளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

உள்ளே கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்த டிகிரி, கிளிப்பைத் துப்பிவிட்டு ஓடிவந்தாள். அவளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் வேறு. அந்தத் தெருவிலேயே முதலில் பட்டம் வாங்கினவள் என்பதால், கறுப்பு அங்கி போட்ட போட்டோவோடு அவள் வந்து இறங்கிய நாளிலிருந்து எல்லாருக்கும் அவள் டிகிரிதான். பாதி மரியாதை, பாதி நக்கல். அவளுக்கும் பழகிவிட்டது.

"என்ன பேசுறீங்க? காலங்காத்தால வீட்டு வாசல்ல நின்னு இறந்தவர் கிறந்தவர்னு?"

"கோவிச்சுக்காதம்மா. நான் வெறும் வண்டிக்காரன். வாரியத்துல மெஷினைத் திரும்ப எடுத்துட்டு வரச் சொன்னாங்க. பாரு, எக்ஸ்பயர்டுனு போட்டிருக்கு. எக்ஸ்பயர்டுன்னா செத்துட்டார்னு ஆபீஸ்ல சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"உசிரோட நிக்கிறவரைப் பார்த்துட்டுமா எடுத்துட்டுப் போவீங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். நல்ல மனிதன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்குக் கத்துவதற்கு வசதியாக இருந்திருக்கும்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரேன். அதுக்குள்ள பேப்பரைச் சரி பண்ணிடுங்க. அன்னிக்கும் வெறும் வண்டியோட போனா என் சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

"தண்ணி குடிச்சிட்டுப் போப்பா," என்றார் அப்பா. "செத்தவன் கையால... குடிக்க மாட்டியா?"

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு, வண்டியைச் சத்தம் வராமல் உருட்டிக்கொண்டு போனான். துக்க வீட்டிலிருந்து போகிறவன் மாதிரி.

அப்பா இருபத்தாறு வருஷம் கல் அறுத்தவர். சமையல் மேடைக்குப் போடுகிற பளபளப்பான கல். பெரிய பலகையாக வரும்; அளவெடுத்து, வட்ட ரம்பத்தில் விட்டு, அடுப்புக்கும் தொட்டிக்கும் ஓட்டை போட்டு அனுப்பவேண்டும். ஊரில் பாதிப் பேர் காய்கறி நறுக்குவது அவர் அறுத்த கல்லின் மேல்தான். சாயங்காலம் கண்ணிமை வரை வெள்ளையாக வீட்டுக்கு வருவார். சின்னவளாக இருந்தபோது டிகிரி தன் அப்பா மாவு மில்லில் வேலை செய்கிறார் என்றே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மாவு நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்து இறுகிவிட்டது. தூசி முகமூடிக்குப் பதிலாக முதலாளி ஆளுக்கொரு துண்டு கொடுத்தாராம். அதுவும் வருஷத்துக்கு ஒன்று. இதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

அந்த மெஷின் தொழிலாளர் வாரியம் கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை, இரண்டு வருஷம் நடக்கவிட்டுக் கொடுத்தது. வருஷா வருஷம் வாரியத்தின் உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்தால்தான் மெஷின் வீட்டில் இருக்கும். மெஷின் இல்லாமல் அப்பா ஒன்றரை மணி நேரம் தாங்குவார். அதற்கு மேல் உதட்டில் நீலம் ஏறும்.

மறுநாள், புதன்கிழமை, அரைநாள் லீவு கேட்டாள். அவள் வேலை செய்வது மருந்து மொத்த வியாபாரக் கிடங்கில், எக்ஸ்பைரி செக்‌ஷனில். கடைகளிலிருந்து திரும்பி வருகிற பெட்டிகளைப் பிரித்து, அட்டை அட்டையாக எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, தகரத்தாளில் அழுத்தியிருக்கும் தேதியைக் கண்டுபிடிக்க வேண்டும். தேதி தாண்டியிருந்தால் எக்ஸ்பயர்டு என்று சிவப்பு முத்திரை. நாளைக்கு நானூறு பெட்டி. கெமிஸ்ட்ரி படித்தவளுக்குக் கிடைத்த வேலை அது. அந்தச் சிவப்பு மை நகத்துக்குள் போய், கல்யாண வீட்டு மருதாணி மாதிரி போகவே போகாது.

"எதுக்கு லீவு?" என்றார் சூப்பர்வைசர்.

"எங்கப்பா சாகலைன்னு சொல்லப் போறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்குள் வந்துவிடச் சொன்னார்.

வாரிய அலுவலகம் முதல் மாடியில். பதினெட்டுப் படி. நோயாளித் தொழிலாளர்களுக்கான பிரிவை மாடியில் வைத்த மகானுபாவனை மனசுக்குள் வைதுகொண்டே ஏறினாள். கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவ்வளவு புழுக்கத்திலும் ஸ்வெட்டர் போட்டிருந்தார். தலைக்கு மேல் ஏசி, நேராக அவர் கழுத்தில் ஊதிக்கொண்டிருந்தது. வரிசையில் நிற்கிறவர்கள் பக்கம் காற்றே வரவில்லை.

டிகிரி அட்டை எண்ணைச் சொன்னாள். ஸ்வெட்டர் அம்மா தட்டிப் பார்த்தார்.

"எக்ஸ்பயர்டு. மெஷினைத் திருப்பிக் கொடுத்துட்டீங்களா?"

"அவர் சாகலை."

"சிஸ்டம்ல அப்படித்தான் இருக்கு."

"சிஸ்டம்ல இருந்தா செத்துடுவாரா? இன்னிக்குக் காலையில என்கூடச் சண்டை போட்டாரு மேடம்."

"சண்டை போட்டதுக்குச் சான்று இருக்கா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது போதுமாயிருந்தது. செவ்வாய்க்கிழமை வண்டிக்காரனிடம் கொட்ட முடியாமல் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் டிகிரி கொட்டினாள்.

"எந்த முட்டாள் மேடம் எழுதினது? ஒரு மனுஷன் இருக்கானா போயிட்டானான்னு ஒரு கட்டத்துல எழுதுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? படிச்சிருக்கானா அவன்? எழுதத் தெரியாதவன் கையில பேனாவைக் கொடுத்துட்டு, நாங்க அலையணுமா? அந்த ஆளை முதல்ல எனக்குக் காட்டுங்க!"

"கேளும்மா, நல்லாக் கேளு," என்றார் பின்னால் நின்ற தாடிக்காரர். "படிச்ச பொண்ணுன்னா இப்படித்தான் நாலு கேள்வி கேக்கணும். நம்மளால முடியுமா?"

ஸ்வெட்டர் அம்மா கோபப்படவில்லை. எழுந்து போனார், அலமாரியில் துழாவினார், ஒரு பச்சைக் கோப்போடு வந்தார். எச்சில் தொட்டுப் பக்கங்களைத் திருப்பினார். ஒரு தாளில் விரலை வைத்து, கண்ணாடித் தடுப்புக்கு அடியில் தள்ளினார்.

"பாரு. இதைப் பார்த்துத்தான் ஏத்தியிருக்கு."

ஆங்கிலத்தில் அச்சடித்த புதுப்பித்தல் படிவம். ஒரே வரியில் மூன்று கட்டம். அட்டை எண். செல்லுபடியாகும் தேதி. தற்போதைய நிலை. மூன்றாவது கட்டத்தில் நீல மையில், எக்ஸ் எழுத்தை இரண்டு வளைவுகள் முதுகோடு முதுகு ஒட்டினாற்போலப் போட்டு, பளிச்சென்று ஒரு வார்த்தை.

அப்படி எக்ஸ் போடுகிற ஆள் உலகத்தில் எத்தனை பேரோ. அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான்.

இரண்டு மாசத்துக்கு முன்னால், எட்டு மணி நேரம் தேதி பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து நிரப்பியது. படிவக்காரன் அட்டையின் எண்ணைக் கேட்டான், எழுதினாள். அட்டையின் தேதியைக் கேட்டான், எழுதினாள். அந்தத் தேதி அன்றைக்கு இரண்டு நாள் தாண்டியிருந்தது. தற்போதைய நிலை என்ன என்றான். தேதி தாண்டினால் என்ன எழுதுவது என்று அவளுக்குச் சொல்லித்தரவேண்டுமா? கை தானாக எழுதிற்று. அட்டையைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்கிறான் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

"யார் கையெழுத்தும்மா இது?" என்றார் ஸ்வெட்டர் அம்மா.

பின்னால் தாடிக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல," என்றாள் டிகிரி. "யாரோ எழுதியிருக்காங்க."

"யாரோவா?" அந்த அம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ மோசடி. விசாரணைக்குப் போகும், மூணு மாசம் ஆகும். எழுதினவங்களே நேர்ல வந்து, தப்பா எழுதிட்டேன்னு எழுதிக் கொடுத்தா அன்னிக்கே திருத்திடலாம். அதுதான் ரூல். அதோட ஆஸ்பத்திரியில ஊதுற டெஸ்ட் எடுத்து, சீல் வாங்கி, உங்க அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. ஆள் எதிர்ல இருக்கணும். அடுத்தது யாரு?"

படியில் இறங்கும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். ஏன் பொய் சொன்னாள் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. படிச்ச பொண்ணு என்று ஒருத்தர் வாய் நிறையச் சொல்லி முடித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதுவா காரணம் என்றால், அதுதான். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. தெருவில் யாருக்குப் படிவம் நிரப்பவேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள். பள்ளிக்கூடச் சேர்க்கை, முகவரி மாற்றம், மின்சாரக் கம்பெனிக்குப் புகார். நாலு வருஷமாக எழுதித் தள்ளியிருக்கிறாள். அதிலெல்லாம் என்னென்ன எழுதித் தொலைத்தாளோ. அவள் புண்ணியத்தில் இன்னும் எத்தனை பேர் செத்துக் கிடக்கிறார்களோ.

சாயங்காலம், ஆபீஸ்களைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்த அம்மா, கால் கழுவும்போதே கேட்டாள்.

"யார் எழுதினதாம்?"

"எவனோ குமாஸ்தா."

"அவன் கை அழுகிப்போக! எழுதுற விரல்ல புழு வைக்க! எம்புருஷன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க, செத்தார்னு எழுதியிருக்கான் பாரு. அவன் வீட்டுல பொண்டாட்டி புள்ளைங்க இல்லையா?"

அம்மா மூச்சுவிடாமல் சபித்தாள். டிகிரி தன் வலதுகை விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகத்துக்குள் சிவப்பு.

"போதும் விடு," என்றார் அப்பா. "அவனுக்கும்... என்ன அசதியோ."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. மூச்சுப் பரிசோதனை அறையில் இருந்தவருக்கு நோயாளிகள் வைத்த பேர் ஊது அக்கா. அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலே அவர் குரல் கேட்கும். குழந்தை பெறுகிற இடத்தில்கூட அப்படிக் கத்தமாட்டார்கள்.

"வாயை இறுக்கி மூடிக்கோங்கப்பா. நல்லா இழுங்க. இழுங்க. இப்ப ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, நிறுத்தாதீங்க, இன்னும் இருக்கு உள்ள, எனக்குத் தெரியும், வச்சுக்கிட்டு வஞ்சனை பண்ணாதீங்க, ஊதுங்க! ஆங்... போதும்."

அப்பா குழாயிலிருந்து வாயை எடுத்துவிட்டு, முழங்காலில் கைவைத்துக் குனிந்துகொண்டார். மூன்று தரம் ஊத வைத்தார்கள். மூன்றாவது தரம் ஊதும்போது கழுத்து நரம்பெல்லாம் கயிறு மாதிரிப் புடைத்தது. திரையில் வந்த கோடு மேலே கிளம்பப் பார்த்து, மனசு மாறினதுபோலப் படுத்துவிட்டது.

"இவ்வளவு... ஊதியிருந்தா," என்றார் அப்பா, "இந்நேரம்... ரெண்டு அடுப்பு... பத்தியிருக்கும்."

அச்சாகி வந்த சீட்டை வாங்கிய டிகிரிக்கு முதல் வரியிலேயே கண் குத்திட்டு நின்றது. அதே வார்த்தை. எக்ஸ்பயர்டு. அதற்குப் பக்கத்தில் ஒரு எண்.

"அக்கா! இதுல என்ன எக்ஸ்பயர்டுனு போட்டிருக்கு?"

"வெளிய விட்ட காத்தும்மா. எவ்வளவு காத்து வெளிய வந்ததுன்னு. ஏன், என்னாச்சு?"

"வெளிய விட்ட காத்தா?"

"ஆமா. மூச்சை வெளிய விட்டா எக்ஸ்பயர். நீ படிச்ச பொண்ணுதானே?"

பெஞ்சில் உட்கார்ந்து போனில் அகராதியைத் திறந்தாள். மூச்சை வெளியே விடு. இற. காலம் முடி. அகராதிக்காரன் முதல் அர்த்தமாகவே மூச்சைத்தான் போட்டிருந்தான். மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள். கடைசி மூச்சை விட்டதால் இறந்தான். இறந்த மாதிரி தேதியும் முடிந்தது. நாலு வருஷமாக நாளைக்கு நானூறு தரம் அந்த வார்த்தையை முத்திரை குத்துகிறவளுக்கு, அதற்குள்ளே மூச்சு இருப்பது தெரியாது.

யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு கட்டுரை. பன்னிரண்டையும் கமா விடாமல் மனப்பாடம் செய்தால் பாஸ். கல்லூரியிலும் அதே நோட்டு, அட்டை மட்டும் வேறு. ஒரு வார்த்தையைக் கையில் எடுத்து, இது எங்கிருந்து வந்தது பார் என்று ஒருத்தரும் காட்டியதில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்று அவளும் கேட்டதில்லை. வீட்டில் ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகள் தப்பாகப் பேசினால் அது ஸ்டைல். அவள் தப்பாக எழுதினால் அப்பா செத்துப்போகிறார். இதில் யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியாமல்தான் அவளுக்கு இத்தனை ஆத்திரம்.

அப்புறம் ஒன்று தோன்றியது. தமிழ் மட்டும் என்ன யோக்கியம்? அட்டை காலாவதியாகிறது. ஆள் காலமாகிறார். அப்பா மூச்சு விட்டார் என்றால் இருக்கிறார். மூச்சை விட்டார் என்றால் இல்லை. நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் நிற்கிறது.

"என்னடா... படிக்கிற?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா."

வெள்ளிக்கிழமை. ஒன்றரை மணி நேரத்தை அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். குழாயைக் கழற்றியது பன்னிரண்டே காலுக்கு. வாடகைக் காரில் இருபது நிமிஷம். பதினெட்டுப் படிக்கு இருபத்தைந்து நிமிஷம். மூன்று படிக்கு ஒருதரம் அப்பா கைப்பிடியைப் பிடித்து நின்றார். மேலே வந்ததும் வரிசையில் ஏழு பேர். சீக்கிரம் விடச் சொல்லிக் கெஞ்ச அவளுக்கு வாய் வரவில்லை. அப்பாவைப் பார்த்துவிட்டு அவர்களே வழி விட்டார்கள். புதன்கிழமைத் தாடிக்காரர் இன்றைக்கும் இருந்தார். அவர் வேலையும் முடிந்தபாடில்லை.

"வாம்மா, வா. விடாத. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடு."

ஸ்வெட்டர் அம்மா அப்பாவைப் பார்த்தார். கோப்பிலிருந்த போட்டோவைப் பார்த்தார். சீட்டை வாங்கினார். புருவத்தைத் தூக்கினார்.

"என்னம்மா, இதுலயும் எக்ஸ்பயர்டுனே போட்டிருக்கு?"

"அது வெளிய விட்ட மூச்சு மேடம்."

"ஒரே வார்த்தைக்கு எத்தனை அர்த்தம்! சரி, சீல் இருக்கு. ஆளும் இருக்காரு. எழுதினது யாரு? அது தெரியாம என்னால தொட முடியாது. விசாரணைன்னா விசாரணைதான்."

டிகிரி வாயைத் திறந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று பத்து. பின்னால் தாடிக்காரரின் மூச்சு கழுத்தில் பட்டது. சொல்லிவிடலாம், நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தை தொண்டைக்கு ஏறி வருவதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நான்தான்... எழுதினேன்."

ஸ்வெட்டர் அம்மா அவரையும் அவர் விரல்களையும் பார்த்தார். கல் அறுத்த விரல்கள். ஆள்காட்டி விரலில் நுனிக்கணு கிடையாது.

"இங்கிலீஷ்ல நீங்க எழுதினீங்களா?"

"ஆமா."

"அப்ப இதுல எழுதிக் காட்டுங்க. பொருந்துதான்னு பார்க்கணும்."

ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் தடுப்புக்கு அடியில் வந்தன. அப்பா பேனாவை எடுத்தார். உளியைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். டிகிரிக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் படிவம் நிரப்பின அன்றைக்கு, கட்டிலில் உட்கார்ந்து அவள் கையையேதான் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஆங்கிலம் எழுதினால் கண் எடுக்காமல் பார்ப்பார், யாரோ சித்திரம் வரைவதைப் பார்ப்பதுபோல. செவ்வாய்க்கிழமை வண்டிக்காரன் தாளைக் காட்டி எக்ஸ்பயர்டு என்று சொன்னதுமே அவருக்குத் தெரிந்திருக்கும். புதன்கிழமை அம்மா சபித்தபோதும் தெரியும்.

அப்பா தாளில் ஒரு கோடு இழுத்தார். அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு. இரண்டு வளைவுகளை முதுகோடு முதுகு ஒட்டவைக்கப் பார்த்தார். அவை ஒட்டவில்லை. உதட்டு ஓரத்தில் நீலம் துளிர்த்திருந்தது.

டிகிரி பேனாவைப் பிடுங்கினாள்.

"நான்தான் எழுதினேன் மேடம். அட்டைக்கு எழுதுறேன்னு நினைச்சு எழுதிட்டேன். புதன்கிழமை தெரியலைன்னு சொன்னது பொய்."

பின்னால் தாடிக்காரர் 'உச்' கொட்டினார். அது அவள் முதுகில் நேராக வந்து விழுந்தது. விழட்டும்.

"அப்போ முட்டாள்னு சொன்னியே, அது யாரை?" என்றார் ஸ்வெட்டர் அம்மா.

"என்னைத்தான். அந்தப் பேர்ல உங்களுக்கும் பங்கு உண்டு மேடம். கீழ பாருங்க, விண்ணப்பதாரர் கையெழுத்துன்னு அப்பா போட்டிருக்காரு. செத்தவரு எப்படி வந்து கையெழுத்துப் போடுவார்னு ஏத்தும்போது உங்களுக்குத் தோணலையா?"

அந்த அம்மா குனிந்து பார்த்தார். அடியில் அப்பாவின் கோணல் கையெழுத்து, தேதியோடு. கழுத்தில் ஊதுகிற காற்றுக்கு ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நாளைக்கு முந்நூறு ஃபாரம் வருதும்மா," என்றார் கடைசியில். "கண்ணு கட்டத்தைத்தான் பார்க்குது."

எனக்கு நானூறு பெட்டி என்று சொல்ல நினைத்தாள் டிகிரி.

"எழுது. தமிழ்லயே எழுது. அதிகாரி கையெழுத்துப் போடணும், அவருக்குப் புரியணும்."

டிகிரி எழுதினாள். அந்தம்மா தலைகீழாகவே வாசித்தார்.

"அட்டைதான் காலாவதியானது, என் தந்தை காலமாகவில்லை... வேணாம்மா. ரெண்டு காலம் வருது, குழம்பிடுவாரு."

அடித்துவிட்டு எழுதினாள்.

"மூச்சு விடுகிறார்... ஐயோ, இது இன்னும் மோசம். அவசரத்துல மூச்சை விட்டார்னு படிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவாரு. மறுபடியும் வண்டி வந்துடும்."

மணி ஒன்று இருபத்தைந்து. டிகிரி தாளைத் திருப்பிப்போட்டு, பெரிய எழுத்தில் எழுதினாள்: என் அப்பா உயிரோடு இருக்கிறார். இதை எழுதும்போது என் பக்கத்தில் நிற்கிறார். தப்பு என்னுடையது.

"இது போதும்," என்றார் ஸ்வெட்டர் அம்மா. எழுந்து உள்ளே போனவர், ஓடவில்லை என்றாலும் வேகமாகத்தான் போனார். வரும்போது கையெழுத்து, சீல், புது அட்டை மூன்றும் இருந்தன.

டிகிரி பழக்கதோஷத்தில் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துத் தேதியைப் பார்த்தாள்.

"எவ்வளவு நாள்... போட்டிருக்கான்?" என்றார் அப்பா.

"ஒரு வருஷம்ப்பா."

"தாராளம்," என்றார்.

வீட்டுக்குள் போய், கட்டிலில் சாய்த்து, மூக்கில் குழாயைச் செருகி, மெஷினைப் போட்டாள். உறுமல் எழுந்தது. அவர் உதட்டுக்கு நிறம் திரும்பும்வரை பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று.

"நீங்க எதுக்குப்பா நடுவுல வந்தீங்க? எழுதத் தெரியாதுன்னு அவங்க சிரிச்சிருப்பாங்கல்ல?"

"என்னைப் பார்த்துச் சிரிச்சா... என்ன? நான்தான்... செத்தவனாச்சே."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் தெம்பில்லை.

"அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். விரல்ல புழு வைக்கறதைத் திரும்ப வாங்கச் சொல்லணும்."

நாலு மணிக்குச் சொன்னபடியே வண்டிக்காரன் வந்தான். புதுத்தாளை இரண்டு தரம் படித்தான், சீலைத் தடவிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சு. ஆனா வெறும் வண்டியோட போறேன் பாருங்க, இதுல ஏன்னு எழுதணும். எடுத்து வராததற்குக் காரணம்னு ஒரு கட்டம். நீயே ஏதாச்சும் இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்துடும்மா. படிச்ச பொண்ணு."

டிகிரி அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். சின்னக் கட்டம். ஒரு வார்த்தைக்குத்தான் இடம்.

"அவரே எழுதட்டும்," என்று தாளை அப்பாவின் மடியில் வைத்தாள். "தமிழ்லயே எழுதுங்கப்பா."

அப்பா வெகுநேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மூச்சு. வண்டிக்காரன் பொறுமையாக நின்றான். முடிந்ததும் டிகிரி குனிந்து வாசித்தாள். இருக்கென் என்று எழுதியிருந்தார். கொம்பு தப்பு. நெடில் வரவேண்டும்.

பேனா அவள் கைக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. அவள் எடுக்கவில்லை. தாளை அப்படியே மடித்து வண்டிக்காரனிடம் கொடுத்தாள்.